“லீவிங்கை வாங்கிக்கொண்டு போங்கோ” என்று அதிபர் சொன்னால்: பாரிய ஒழுக்கமீறலில் பாடசாலை எப்படி முடிவெடுக்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் தரம் 10 படிக்கும் மகன், வகுப்பில் நடந்த சண்டையில் இன்னொரு மாணவனின் கையில் கவராயத்தால் குத்திவிட்டான். மூன்று தையல். அடுத்த நாளே அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டு, “பிள்ளையைச் சொந்த விருப்பில் விலக்குகிறோம் என்று கடிதம் தந்தால் லீவிங்கில் (விடுகைப் பத்திரத்தில்) ஒன்றும் எழுதாமல் தருவம், இல்லாவிட்டால் நாங்கள் நிற்பாட்ட வேண்டிவரும்” என்றிருக்கிறார். லண்டனில் இருக்கும் சித்தியோ, அங்கே இப்படி யாரையும் அனுப்ப முடியாது என்கிறார். உண்மையில் ஒரு பாடசாலை இதை எப்படி முடிவெடுக்க வேண்டும், நாங்கள் இப்போது என்ன செய்வது?

முதல் வேலையாக ஒன்றைச் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். அதிபரோடு வாக்குவாதப்படவும் வேண்டாம். “சேர், நடந்தது பிழைதான், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் முடிவு உங்களுடையது என்றால் அதை எழுத்தில் தாங்கோ” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் கிழக்கு மாகாணப் பாடசாலைகளில் ஆசிரியராக, பகுதித் தலைவராக, பிரதி அதிபராக இருந்து, கடைசிக் காலத்தில் வலயக் கல்விப் பணிமனையொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். ஒழுக்காற்று விசாரணை நடத்துகிற ஆளாகவும் இருந்திருக்கிறேன். விசாரணை சரியாக நடக்கவில்லை என்று பெற்றோர் கொண்டுவருகிற முறைப்பாடுகளை வாசிக்கிற ஆளாகவும் இருந்திருக்கிறேன். இந்த மாதிரி விஷயம் எங்கே பிழைத்துப் போகிறது என்று கேட்டால் நான் ஒரே இடத்தைத்தான் காட்டுவேன். “குத்தினானா?” என்பது ஒரு கேள்வி. “குத்தினவன் இந்தப் பாடசாலையில் தொடர்ந்து இருக்கலாமா?” என்பது வேறொரு கேள்வி. முதலாவதுக்கு ஆம் என்று பதில் வந்த உடனேயே இரண்டாவதும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்த முடிவைத் தாங்களே எழுதிக் கையெழுத்து வைக்கத் துணிவில்லாமல், பெற்றோர் கையால் எழுதுவித்து வாங்குகிறார்கள். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதற்கான அடையாளமே பாடசாலையின் விசாரணைக் கோவையில் இருக்காது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். உங்கள் மகன் ஒப்புக்கொண்டுவிட்டான், இனி விசாரிக்க என்ன இருக்கிறது என்று அதிபர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. கவராயம் அவன் கையில் எப்படி வந்தது? கேத்திரகணிதப் பாடத்தில் வட்டம் கீறிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்தவன் தள்ள, திரும்பி வீசியதில் குத்துப்பட்டதா? அல்லது இடைவேளையில் வாய்த்தர்க்கம் நடந்து, அவன் தன் மேசைக்குப் போய், கொம்பாஸ் பெட்டியைத் திறந்து, எடுத்துக்கொண்டு திரும்பி வந்து குத்தினானா? காயம் ஒன்றுதான், தையலும் மூன்றுதான். ஆனால் மேசைக்குப் போய்வந்த அந்தப் பத்தடி தூரம்தான் முழு விசாரணையின் மையம். முதலாவது, நிதானம் இழந்த ஒரு கணம். இரண்டாவதில் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது. இதைக் கேட்காமல் “ஆயுதத்தால் தாக்கினான்” என்று சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், பிறகு வாசிக்கிற ஒவ்வொருவரும் இரண்டாவதைத்தான் மனதில் காண்பார்கள்.

அடுத்தது, அந்த நேரம் வகுப்பில் ஆசிரியர் இருந்தாரா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பெற்றோர் தயங்குவார்கள். கேளுங்கள். ஆசிரியர் லீவில் நின்று, ரிலீஃபுக்குப் போட்டவரும் வராமல், நாற்பது பெடியன்கள் தனியே இருந்த வகுப்பில் இது நடந்திருந்தால், பாடசாலைக்கே இதைக் கெதியாக மூடிவிட வேண்டிய தேவை ஒன்று வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் ரிலீஃப் போடுவதற்குப் பொறுப்பான ஆசிரியரே விசாரணைக் குழுவிலும் இருந்தால் அது விசாரணையாகாது. தன்னைப் பற்றிய வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய விதியல்ல, அதிபர் அறைக்கும் உரியதுதான். காயப்பட்ட பிள்ளையின் உறவினரான ஆசிரியரும், உங்கள் மகனோடு ஏற்கெனவே முறுகல் உள்ள ஆசிரியரும் அந்தக் குழுவில் இருக்கக் கூடாது. நம்முடைய ஊர் சின்னது, யாரோ ஒருவர் யாருக்கோ சொந்தமாகத்தான் இருப்பார் என்பதும் உண்மை. ஆகவே குறைந்தது வாக்குமூலம் எடுப்பவரும் முடிவெடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கட்டும்.

வாக்குமூலம் எடுக்கிற முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. சரியாகச் செய்கிற பகுதித் தலைவர் என்ன செய்வார் தெரியுமா? சண்டை நடந்த அரை மணித்தியாலத்துக்குள் பார்த்த பிள்ளைகள் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, நூலகத்தில் தூரத் தூர இருத்தி, ஆளுக்கொரு தாள் கொடுப்பார். “நீ எங்கே இருந்தாய், எதைக் கண்ணால் கண்டாய், எதைக் கேள்விப்பட்டாய், தனித்தனியாக எழுது” என்பார். ஒருவரோடு ஒருவர் கதைக்க முதலே எழுத வேண்டும். பிள்ளையின் சொந்தச் சொல்லில், எழுத்துப்பிழையோடு அப்படியே இருக்க வேண்டும். மேலே திகதியும் நேரமும் போட வேண்டும். வகுப்பின் இருக்கை ஒழுங்கை ஒரு தாளில் கீறி வைக்க வேண்டும். கடைசி வாங்கில் இருந்தவனுக்கு முன்வரிசையில் நடந்தது தெரிந்திருக்குமா என்று பிறகு பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து, மாணவத் தலைவர் ஒருவர் எழுதிக் கொடுத்ததில் பத்துப் பேர் கையெழுத்து வைத்த தாள் ஒன்று கோவையில் இருந்தால் நான் அதற்குப் பெரிய பெறுமதி கொடுக்கமாட்டேன். அது பத்துச் சாட்சியம் அல்ல, ஒருவருடைய கருத்து.

உங்கள் மகனிடம் எடுத்த வாக்குமூலம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் இன்றிரவே அவனிடம் ஆறுதலாகக் கேளுங்கள். முழங்காலில் நிற்க வைத்தார்களா, அடித்தார்களா, “எழுதினால் விடுவோம்” என்றார்களா? உடல் தண்டனையைத் தடைசெய்து, ஒழுக்கத்தை வேறு வழிகளில் பேணச் சொல்லும் கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை எல்லாப் பாடசாலைகளுக்கும் போயிருக்கிறது. 2021இல் உயர் நீதிமன்றம் இதைவிடத் தெளிவாகவே சொன்னது: ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் செவிப்பறை பாதிக்கப்பட்ட மாணவனின் வழக்கில், அந்த அடி அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை, அதாவது சித்திரவதைக்கும் கொடூரமான, இழிவான நடத்தைக்கும் ஆளாகாதிருக்கும் உரிமையை மீறியது என்று தீர்த்தது. அடித்து வாங்கிய ஒப்புதலின் மேல் ஒரு பிள்ளையின் படிப்பை முடிவுசெய்ய முடியாது. அவன் உண்மையிலேயே குத்தியிருந்தாலும்கூட முடியாது.

எந்தளவுக்கு நிச்சயம் வேண்டும் என்று கேட்பார்கள். பாடசாலை நீதிமன்றம் அல்ல. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்புக் கூட என்ற அளவு போதும். ஆனால் முடிவு எவ்வளவு பாரமோ அவ்வளவு கவனமாக அந்த அளவைப் பார்க்க வேண்டும். பையில் மாத்திரை இருந்தது, போனில் படம் இருந்தது என்கிற குற்றச்சாட்டுகளில் இது இன்னும் முக்கியம். பையை யார் திறந்தது, யார் முன்னிலையில், அதற்கு முதல் அந்தப் பை எங்கே கிடந்தது என்று எழுதாமல் விட்டதால், உண்மையில் குற்றம் செய்த பிள்ளை தப்பியதும் உண்டு, பழி ஓரிடம் பாவம் ஓரிடமாகப் போனதும் உண்டு.

இனி இரண்டாவது கேள்வி. நடந்தது என்னவென்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

இங்கே ஒரு நல்ல அதிபர் தன்னிடமே கேட்க வேண்டியது: இந்தப் பிள்ளை இங்கே இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்கு, அல்லது இவனுக்கே, பாரிய தீங்கு வருமா? வரும் என்றால், அவனை அனுப்பாமல் அந்தத் தீங்கைத் தடுக்க வழி இல்லையா? இரண்டுக்கும் பதில் எழுதாமல் விலக்குவது, கோபத்துக்குக் கொடுக்கிற தண்டனை மட்டும்தான்.

பார்க்க வேண்டியவை பல. முன்னர் இப்படிச் செய்திருக்கிறானா? செய்திருந்தால் பாடசாலை அப்போது என்ன செய்தது, பெற்றோருக்கு அறிவித்ததா, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் அனுப்பியதா? மூன்று வருடமாக ஒரு எச்சரிக்கைக் கடிதமும் இல்லாத பிள்ளையைப் பற்றித் திடீரென்று “தொடர்ச்சியாகத் தொல்லை” என்று எழுதினால் அதற்கு ஆதாரம் எங்கே? மற்றவன் இவனை முன்னரே சீண்டிவந்தானா? அப்பா கட்டாரில், அம்மா தனியாக, வீட்டில் ஏதாவது நடந்திருக்கிறதா? வாசிப்பதில், எழுதுவதில், அடங்கி இருப்பதில் பிறவியிலேயே கஷ்டமுள்ள பிள்ளையா? இவை எதுவும் குத்தியதைச் சரியாக்காது. ஆனால் இனி என்ன செய்தால் திரும்ப நடக்காது என்பதற்கு வழி இவற்றில்தான் கிடைக்கும்.

அனுப்புவதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. வேறு பிரிவுக்கு மாற்றலாம். சில நாள் வீட்டில் நிற்கச் சொல்லி, அந்த நாட்களுக்குரிய பாட வேலையைக் கொடுத்துவிடலாம். இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள் என்றால் விடுகிற நேரத்தைப் பதினைந்து நிமிடம் மாற்றலாம். விளையாட்டு அணியிலிருந்து ஒரு தவணை நிறுத்தலாம். பெற்றோரையும் வைத்து எழுத்தில் உடன்படிக்கை எடுக்கலாம். நான் கண்டவரையில் இந்த வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இவை போதும். போதாத பிள்ளைகளும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் சின்னப் பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவன், பாடசாலைக்குள் ‘ஐஸ்’ போதைப்பொருள் கொண்டுவந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவன், பாலியல் வன்முறை செய்தவன் என்று வரும்போது பாதிக்கப்பட்ட பிள்ளையும் அவனும் ஒரே வளவில் இருக்க முடியாது. அங்கே அதிபர் தயங்கக் கூடாது. பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகத்துக்கும் அறிவிக்க வேண்டும். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று இப்படிப்பட்ட விஷயங்களை உள்ளுக்குள் தீர்த்து, அந்தப் பிள்ளையை “நல்ல நடத்தை” என்று எழுதி அடுத்த பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறார்களே, அதைப்போல அநியாயம் வேறில்லை.

சமத்துவம் இன்னொன்று. போன தவணை இதே மாதிரிச் சண்டையில் கல்லால் எறிந்து மண்டையை உடைத்த பிள்ளைக்கு என்ன நடந்தது? அவன் கிரிக்கெட் அணியில் இருந்தான், அவனுடைய தகப்பன் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறார், ஆகவே ஒரு கிழமைத் தடையோடு முடிந்தது. இவனுக்கு லீவிங் என்றால், ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்ற அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை இந்த இடத்தில் நேராக வந்து நிற்கிறது.

காயப்பட்ட பிள்ளையின் வீட்டைப் பற்றியும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அந்த அம்மா தன் பிள்ளையின் கையில் தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அவன் அதே வகுப்புக்குப் போக வேண்டும். குத்தியவன் எங்கே இருப்பான், யார் கவனிப்பார்கள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்று ஒரு சொல்லும் கேட்காத பெற்றோர், மற்றப் பிள்ளையை அனுப்பு என்று கேட்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? அதிபர் இரண்டு நாள் முந்தி அவர்களோடு இருந்து கதைத்திருந்தால், பாதி இடங்களில் இந்த அழுத்தமே வந்திருக்காது. வட்ஸ்அப் குழுக்களில் பெற்றோர் எழுதுவதையும் பழைய மாணவர்கள் கொதிப்பதையும் பார்த்து அதிபர்கள் பயந்துபோகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதற்காக முடிவை ஊரிடம் கொடுத்துவிட முடியாது. இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு சமூகத்தவர் என்றால் திருகோணமலையில் இது எவ்வளவு வேகமாக வேறொன்றாகிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படியான நேரத்தில்தான் எழுத்தில் உள்ள விசாரணை அதிபரைக் காப்பாற்றும்.

லண்டன் சித்தி சொன்னதில் பாதி சரி. இங்கிலாந்தில் பிள்ளையை அனுப்ப முடியும், ஆனால் அதற்கு ஒழுங்கு இருக்கிறது. தலைமையாசிரியர் மட்டுமே அந்த முடிவை எடுக்கலாம், ஒழுக்கக் காரணத்துக்காக மட்டுமே எடுக்கலாம். நிரந்தரமாக விலக்குவதற்கு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்: பாடசாலையின் நடத்தைக் கொள்கையைப் பாரதூரமாகவோ திரும்பத் திரும்பவோ மீறியிருக்க வேண்டும், அவன் தொடர்ந்து இருந்தால் அவனுடையதோ மற்றவர்களுடையதோ கல்விக்கும் நலனுக்கும் பாரிய கேடு வரவும் வேண்டும். தற்காலிகமாக நிறுத்துவதற்கு ஒரு கல்வியாண்டில் மொத்தம் 45 பாடசாலை நாட்கள்தான் எல்லை. நிரந்தரமாக விலக்கினால் பாடசாலையின் ஆளுநர் சபை 15 பாடசாலை நாட்களுக்குள் கூடிப் பெற்றோரையும் கேட்டு, திரும்பச் சேர்ப்பதா என்று பார்க்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் சுயாதீன மீளாய்வுக் குழுவுக்குப் போகலாம். அந்தக் குழு முடிவை இரத்துச்செய்து மீண்டும் யோசிக்கச் சொல்லலாம், ஆனால் “பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்” என்று தானே கட்டளையிட முடியாது. ஆறாவது நாளிலிருந்து பிள்ளைக்கு வேறு முழுநேரக் கல்வி ஒழுங்குசெய்வது உள்ளூராட்சி அதிகாரசபையின் பொறுப்பு.

இவை இங்கே செல்லாது. ஆனால் அங்குள்ள ஒரு விதியை இங்குள்ள ஒவ்வொரு அதிபரும் வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: முறைப்படி பதியாமல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, “கொஞ்சம் ஆறட்டும்” என்று ஒரு நாள் அனுப்புவதாக இருந்தாலும், சட்டவிரோதம். பெற்றோர் சம்மதித்தாலும் சட்டவிரோதம். ஏன் அப்படி வைத்தார்கள்? பெற்றோரின் சம்மதம் பயத்தில் கொடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் கேட்கிற கடிதமும் அதுதான். “சொந்த விருப்பில் விலக்கினோம்” என்று நீங்கள் எழுதிய நிமிடத்தில் பாடசாலை எந்த முடிவும் எடுக்கவில்லை என்றாகிவிடுகிறது. எடுக்காத முடிவுக்கு எதிராக யாரிடம் முறையிடுவது? வலயக் கல்விப் பணிப்பாளரிடம் போனால் அவர் கோவையைத் திறந்து உங்கள் கையெழுத்தைக் காட்டுவார். நான் வலயத்தில் இருந்த காலத்தில், அழுதுகொண்டு வந்த தாய்மாருக்கு உதவ முடியாமல் போனதெல்லாம் இந்த ஒரு தாளால்தான். “சேர், எங்களுக்கு என்ன தெரியும், எழுதச் சொன்னார்கள், எழுதினோம்” என்பார்கள். எழுத வேண்டிய வசனத்தையும் பாடசாலையிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

நம் நாட்டுச் சட்டம் உங்களுக்கு ஒன்றும் தரவில்லை என்று நினைக்க வேண்டாம். 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் வந்த கட்டாய வரவு ஒழுங்குவிதி 5 முதல் 14 வயது வரை என்றிருந்தது; 2016இல் அது 16 வரை நீட்டப்பட்டது. உங்கள் மகனுக்கு 15 என்றால் அவன் இன்னும் கட்டாயக் கல்வி வயதில் இருக்கிறான். அவனைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தால் உங்களையே கேள்வி கேட்கிற அரசு, அவனுக்கு இடமில்லாமல் ஆக்குவதை எப்படி நியாயப்படுத்தும்? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், பிள்ளைகள் சம்பந்தமான எல்லா விஷயத்திலும் பிள்ளையின் நலனே தலையாயது என்று 5ஆம் பிரிவில் சொல்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயம், பாடசாலை ஒழுக்கம் பிள்ளையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்றும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் குரல் கேட்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். சம்பவத்துக்கு வருந்துகிறோம், காயப்பட்ட பிள்ளையின் மருத்துவச் செலவைப் பொறுப்பேற்கிறோம், மகனுடைய பக்கத்தையும் எங்கள் முன்னிலையில் கேளுங்கள், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் யாருடைய அனுமதியோடு என்ன முடிவு எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் அறியத் தாருங்கள் என்று கேளுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியொன்றை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் வையுங்கள். மாகாணப் பாடசாலை என்றால் அதற்கு மேல் மாகாணக் கல்விப் பணிப்பாளர், அவருடைய திணைக்களம் திருகோணமலையிலேயே இருக்கிறது. தேசிய பாடசாலை என்றால் கொழும்பில் கல்வி அமைச்சு. விசாரணை ஆவணங்கள் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளின் பெயர்களை மறைத்துத் தருவார்கள், அது சரிதான்.

இதற்கிடையில் மகன் ஒவ்வொரு நாளும் சீருடை போட்டுப் பாடசாலைக்குப் போகட்டும். எழுத்தில் தடை வராதவரை வீட்டில் நிற்கக் கூடாது. கேற்றில் திருப்பி அனுப்பினால் திகதி, நேரம், அனுப்பியவரின் பதவி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இது பிடிவாதம் அல்ல. இரண்டு கிழமை வராமல் விட்டால், வரவு இடாப்பில் அவன் தானாகவே நின்றுவிட்டவனாகத் தெரிவான்.

இவ்வளவுக்கும் பிறகும் விலக்கினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். இங்கே ஒரு காலக்கெடு உண்டு, பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. “முதலில் கதைத்துப் பார்ப்போம்” என்று பெரியவர்களைப் பிடித்து, அவர் வர இவர் வர என்று ஆறு கிழமை போய்விட்டால் கதவு மூடிவிடும். அடி, துன்புறுத்தல் நடந்திருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். தனியார் அல்லது சர்வதேசப் பாடசாலை என்றால் வழி வேறு. அங்கே நீங்கள் சேரும்போது கையெழுத்திட்ட நிபந்தனைகளை முதலில் வாசிக்க வேண்டும்.

ஒரு இடத்துக்காக ஏன் இவ்வளவு பாடு என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு நம் மாவட்டத்தைத் தெரியாது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் 1ஏபி என்று வகைப்படுத்திய பாடசாலைகளில்தான் இருக்கின்றன. தமிழ் மொழி மூலம் அப்படிப்பட்ட பாடசாலை நகரத்திலேயே சிலதான். வெருகல், ஈச்சிலம்பற்று, குச்சவெளிப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் நகரத்துக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பது எதற்காக? தரம் 10இல் அந்த இடத்தை இழக்கிற பிள்ளை ஒரு வகுப்பறையை மட்டும் இழக்கவில்லை; ஓ.எல் எழுத இன்னும் ஒன்றரை வருடம் இருக்கையில் பாடத் தெரிவு, ஆசிரியர், ரியூசன் நண்பர்கள் எல்லாம் போகின்றன. கடலுக்குப் போகவோ கடைக்குப் போகவோ வழி பக்கத்திலேயே திறந்து கிடக்கிறது. லீவிங் எடுத்த பெடியன்களில் எத்தனை பேர் அடுத்த பாடசாலைக்கு உண்மையில் போனார்கள் என்று அனுப்பிய பாடசாலை தேடிப் பார்ப்பதில்லை.

அப்படியிருந்தும், மாறிப் போவதே நல்லது என்று நீங்களே உண்மையாக நினைக்கிற நிலையும் வரலாம். மகனே அங்கே போக விரும்பவில்லை, இரண்டு குடும்பமும் பக்கத்துத் தெரு, பகை வளரும் என்றால் அதில் பிழையில்லை. ஆனால் வரிசை முக்கியம். முதலில் மற்றப் பாடசாலை சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும், அவன் எடுத்த பாடங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், வலயம் அதை ஒழுங்குசெய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் விடுகைப் பத்திரம். நடத்தை பற்றிய நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே வாசித்துப் பாருங்கள். கடிதத்தில் “சொந்த விருப்பில்” என்று எழுதாமல், “இன்ன திகதிச் சம்பவத்தைத் தொடர்ந்து, பாடசாலையின் ஆலோசனைப்படி” என்று உள்ளதை எழுதுங்கள். அதை ஏற்க மாட்டேன் என்று அதிபர் சொன்னால், அவர் கேட்டது உங்கள் விருப்பத்தை அல்ல என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நாளைக்கு முன் செய்யக்கூடிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. மகனை ஒரு தாளில் நடந்ததை முழுதும் எழுதச் சொல்லுங்கள், தனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து. நீங்கள் திருத்த வேண்டாம். மேசைக்குப் போய்வந்தானா என்பதை அவன் உங்களிடம் முதலில் சொல்லட்டும், விசாரணையில் வைத்து நீங்கள் கேள்விப்படக் கூடாது. பிறகு நீங்களும் அவனும் காயப்பட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்று கேட்காதீர்கள், அவன் முதலில் தள்ளினான் என்ற கதையை எடுக்காதீர்கள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்து, இரண்டு நாள் விட்டு, அவர்கள் மதிக்கிற ஒருவரோடு மறுபடி போங்கள்.

அதிபர் விசாரணைக்குத் திகதி தந்ததும் இங்கே எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கு யார் யார் போகலாம், என்ன கேட்கலாம் என்பதை அப்போது சொல்கிறேன்.